அரசு அலுவலகத்தின் கரன்ட் பில் ஏன் குறைவதில்லை?

வீட்டில் ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் யாராவது எழுந்துபோய் நிறுத்திவிடுவார்கள். நிறுத்துபவர் பில் கட்டுபவராக இருப்பார், இல்லையென்றால் பில் கட்டுபவரிடம் திட்டு வாங்குபவராக இருப்பார். அரசு அலுவலகத்தில் இந்தச் சங்கிலி நாலு துண்டாகக் கிடக்கிறது. சுவிட்சைப் போடுபவர் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர். பில் வருவது கணக்குப் பிரிவுக்கு. கட்டடமும் ஒயரிங்கும் பொதுப்பணித் துறையின் பொறுப்பு. பழைய ஃபேனை மாற்ற வேண்டுமென்றால் அங்கே இருக்கும் மின் பிரிவு மதிப்பீடு தயாரிக்க வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்க வேண்டியது நிதித் துறை. இந்த நாலு பேரில் யார் மெனக்கெட்டு மின்சாரத்தை மிச்சம் பிடித்தாலும் அந்த மிச்சம் அவர் கைக்கு வராது. மார்ச் 31 வந்தால் செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும். அதோடு விடுமா என்றால் அதுவும் இல்லை. இந்த வருடம் குறைவாகச் செலவழித்தீர்களே என்று அடுத்த வருட ஒதுக்கீட்டிலும் கை வைப்பார்கள்.

மின்செலவைக் குறைப்பது என்றதும் எல்இடி, சோலார் என்று கருவிகள்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். கருவிகள் கடையில் கிடைக்கின்றன. எது எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்பதும் தெரிந்த கணக்கு. கஷ்டமான வேலை அந்த நாலு துண்டையும் சேர்ப்பது. முதலில் கரன்ட் எங்கே போகிறது என்று பார்த்துவிடுவோம், அப்புறம் பணத்துக்கு வருவோம்.

பில்லில் இருப்பது ஒரு கணக்கு இல்லை

கிராம நிர்வாக அலுவலகம் போன்ற சிறிய இடங்களுக்கு வீட்டைப் போலவே தாழ்வழுத்த இணைப்பு இருக்கும். பெரிய ஆட்சியர் அலுவலக வளாகம், அரசு மருத்துவமனை, பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு உயரழுத்த இணைப்பு. வளாகத்துக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும். உயரழுத்தப் பில்லில் ஓடிய யூனிட்டுக்கு ஒரு கட்டணம், அதோடு ‘தேவைக் கட்டணம்’ என்று இன்னொன்று. "எனக்கு ஒரே நேரத்தில் இவ்வளவு கேவிஏ (மின்சுமையை அளக்கும் அலகு) வரை தேவைப்படும், அதற்குத் தயாராக இருங்கள்" என்று மின்வாரியத்திடம் எழுதிக் கொடுத்த அளவுதான் ஒப்பந்தத் தேவை. தமிழ்நாட்டில், அந்த மாதத்தில் மீட்டரில் பதிவான அதிகபட்சத் தேவை அல்லது ஒப்பந்தத் தேவையின் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம் கட்ட வேண்டும்.

ஒரு வளாகம் 200 கேவிஏ கேட்டு வாங்கியிருக்கிறது, உண்மையில் எந்த மாதமும் 110-ஐத் தாண்டியதில்லை என்று வைத்துக்கொள்வோம். அது மாதாமாதம் 180 கேவிஏவுக்குப் பணம் கட்டும். ஒரு பல்பைக்கூட மாற்றாமல், ஒப்பந்தத் தேவையைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தாலே பில் இறங்கிவிடும். ரொம்பக் குறைத்துவிடவும் கூடாது. கோடையில் எல்லா ஏசியும் சேர்ந்து ஓடும் நாளில் ஒப்பந்த அளவைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் விழும். கடந்த 12 மாதத்தின் உச்சத்தைப் பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு வைப்பதுதான் சரி. பல வளாகங்களில் இது நடப்பதில்லை. ஒப்பந்தத் தேவையை முடிவு செய்த பொறியாளர் எப்போதோ ஓய்வு பெற்றிருப்பார், இப்போது பில்லைப் பாஸ் செய்பவர் கடைசித் தொகையை மட்டும் பார்ப்பார்.

திறன் காரணி என்று இன்னொரு வரி பில்லில் இருக்கும். மோட்டார், பழைய சோக் வைத்த டியூப் லைட் போன்றவை வேலைக்கு உதவாத ஒரு மின்னோட்டத்தையும் சேர்த்து இழுக்கும். அந்தப் பங்கு கூடினால் திறன் காரணி இறங்கும், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அபராதம். கெப்பாசிட்டர் பேங்க் இதைச் சரிசெய்யும். அரசு வளாகங்களில் பெரும்பாலும் அது இருக்கும், ஆனால் பாதி கெப்பாசிட்டர் செத்துப்போயிருக்கும்.

ஃபேன், ஏசி, கூரை

அரசு அலுவலகம் என்றதும் ஏசியைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். தமிழ்நாட்டின் சாதாரண அலுவலகத்தில் அது அதிகாரி அறையோடு நின்றுவிடும். மீதிப் பேருக்கு ஃபேன்தான், காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை, வருடம் முழுக்க.

பழைய சீலிங் ஃபேன் ஒன்று சுமார் 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் வைத்த ஃபேன் அதே காற்றை 30 வாட்டுக்குள் தரும். 45 வாட் வித்தியாசம், 8 மணி நேரம், 250 வேலை நாள்: ஒரு ஃபேனுக்கு வருடத்துக்கு 90 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் 720 ரூபாய். சாதாரண ஃபேன் 1,500 ரூபாய், இது 2,800 ரூபாய் என்றால் கூடுதலாகக் கொடுக்கும் 1,300 ரூபாய் இரண்டு வருடத்துக்குள் திரும்பி வந்துவிடும். நூறு ஃபேன் உள்ள அலுவலகத்துக்கு வருடம் 72,000 ரூபாய். ஆனால் பழையது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றினால் முழு 2,800 ரூபாயையும் கணக்கில் வைக்க வேண்டும், அப்போது நாலு வருடம் ஆகும். அதனால் கெட்டுப்போகும்போது மாற்றுவது, ரீவைண்டிங்குக்கு அனுப்பாமல் இருப்பது என்று ஆரம்பித்தாலே போதும். காயில் கட்டிக் கட்டி இருபது வருடம் ஓட்டிய ஃபேன் வாங்கியபோது எடுத்ததைவிட அதிக வாட் எடுத்தாலும் ஆச்சரியமில்லை.

ஏசி விஷயத்தில் பணமே செலவழிக்காமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. செட்டிங்கை ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது இந்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகமான பீஇஇ சொல்லும் கணக்கு. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. ரிமோட்டில் 18-க்கு இறக்குவதை யாரும் தடுக்க முடியாது என்றாலும், யாரும் தொடாவிட்டால் 24 என்பதே பெரிய விஷயம். ஜப்பான் அரசு 2005 கோடையில் இதையே வேறு வழியில் செய்தது. அலுவலகங்களில் ஏசியை 28 டிகிரியில் வைக்கச் சொல்லி, அதற்கு ஏற்றாற்போல் கோட்டும் டையும் வேண்டாம் என்று அமைச்சர்களே முதலில் கழற்றினார்கள். ‘கூல் பிஸ்’ என்று பெயர். உடுப்பு மாறாமல் வெறும் சுற்றறிக்கை மட்டும் போயிருந்தால் அங்கேயும் ரிமோட்டைத்தான் தேடியிருப்பார்கள். நம் ஊரில் நாற்காலியில் டர்க்கி டவல் போர்த்தி வைப்பதை விட்டால் உடுப்பில் மாற்ற ஒன்றுமில்லை, அரைக்கைச் சட்டைதான் ஏற்கெனவே இருக்கிறதே.

சர்வர் அறை தனிக் கதை. கம்ப்யூட்டர் குளிரில் இருந்தால்தான் பிழைக்கும் என்று நம்பி 18 டிகிரியில் இரவு பகலாக ஏசி ஓட்டுவார்கள். சர்வர்களுக்கு 27 டிகிரி வரை போகலாம் என்று தொழில்நுட்ப வழிகாட்டுதல்கள் சொல்லிப் பல வருடமாகிறது.

மேல்தளத்தில் இருப்பவர்களுக்குத்தான் வெயில் எங்கே இருந்து வருகிறது என்பது தெரியும். கான்கிரீட் கூரை பகல் முழுக்கச் சூட்டை வாங்கி, மதியத்துக்கு மேல் உள்ளே இறக்கும். அதன்மேல் தட்டோடு பதிப்பது, வெள்ளையடிப்பது, வெயிலைத் திருப்பி அனுப்பும் பூச்சு பூசுவது எல்லாமே உள்ளே இறங்கும் சூட்டைக் குறைக்கும், மேல்தள ஏசிகளின் வேலையும் குறையும். சென்னையின் பழைய அரசுக் கட்டடங்களில் உயரமான கூரையும் தாழ்வாரமும் தடித்த சுவரும் வெயிலுக்காகவே வைக்கப்பட்டவை. பிற்காலத்தில் அவற்றுக்குள் பொய்க்கூரை போட்டு, தாழ்வாரத்தை அடைத்துக் கேபின் கட்டி, காற்று வரும் வழியை மறித்துவிட்டு, அப்புறம் புழுக்கமாக இருக்கிறது என்று ஏசி மாட்டுகிறோம்.

இந்தக் கட்டடம் அதிகம் செலவழிக்கிறதா?

மொத்த யூனிட்டை வைத்து இரண்டு கட்டடங்களை ஒப்பிட முடியாது. பெரியது அதிகம்தான் எடுக்கும். அதனால் வருடத்தில் ஓடிய யூனிட்டைக் கட்டடத்தின் பரப்பால் வகுக்கிறார்கள். 2,000 சதுர மீட்டர் கட்டடம் வருடத்துக்கு 3 லட்சம் யூனிட் எடுத்தால் சதுர மீட்டருக்கு 150 யூனிட். பீஇஇ 2009-இல் அலுவலகக் கட்டடங்களுக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தபோது இந்த எண்ணைத்தான் அளவுகோலாக வைத்தது. பாதிக்கு மேல் ஏசி உள்ள, சென்னை போன்ற வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊர் அலுவலகம் 100-க்குக் கீழே இருந்தால் 5 நட்சத்திரம், 200-ஐத் தாண்டினால் ஒன்றும் கிடையாது என்பது அப்போதைய கணக்கு.

எண் குறைவாக இருந்தால் கட்டடம் நல்லது என்று உடனே முடிவு கட்டிவிடவும் கூடாது. ஃபேன் பத்தாமல் ஊழியர்கள் வேர்த்து ஊற்றிக்கொண்டிருக்கும் அலுவலகமும் குறைவான எண்ணைக் காட்டும். இரவு பகலாக இயங்கும் காவல் கட்டுப்பாட்டு அறையையும் மாலையில் பூட்டும் சார்பதிவாளர் அலுவலகத்தையும் ஒரே தராசில் நிறுத்தினால் அநியாயம். ஒரே மாதிரி வேலை செய்யும் கட்டடங்களை மட்டும் ஒப்பிடலாம். ஒரு மாவட்டத்தில் உள்ள வட்டாட்சியர் அலுவலகங்களின் எண்களை வரிசையாக எழுதினாலே தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பவை தெரிந்துவிடும்.

சேமிப்பைக் கொண்டே கடனை அடைப்பது

இனி பணம். அரசு எதை வாங்கினாலும் டெண்டர், டெண்டரில் எல்-1, அதாவது குறைந்த விலை கேட்டவருக்கு ஆர்டர். வாங்கும் விலை மட்டும் பார்த்தால் 1,500 ரூபாய் ஃபேன்தான் ஜெயிக்கும், அது பத்து வருடத்தில் இழுக்கப்போகும் கரன்ட் யார் கணக்கிலும் வராது. இதற்கு விதியை மீற வேண்டியதில்லை. டெண்டரின் தொழில்நுட்ப நிபந்தனையிலேயே இத்தனை நட்சத்திரம், இத்தனை வாட்டுக்குள் என்று எழுதிவிட்டால், அந்தத் தகுதி உள்ளவர்களுக்குள் எல்-1 தேடலாம். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள், மின் சாதனங்களை அறிவிக்கப்பட்ட நட்சத்திர அளவுக்குக் குறையாமல் வாங்க வேண்டும் என்றே சொல்கின்றன.

முதல் போட வழியே இல்லாத துறைக்கு எஸ்கோ என்ற ஏற்பாடு இருக்கிறது. எரிசக்திச் சேவை நிறுவனம் ஒன்று தன் பணத்தில் விளக்கு, ஃபேன், ஏசி எல்லாவற்றையும் மாற்றிக் கொடுக்கும். அதனால் குறையும் பில்லிலிருந்து சில வருடத்துக்கு ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கற்பனையாக ஒரு கணக்கு: வருடப் பில் 20 லட்சம். நிறுவனம் 15 லட்சம் முதல் போடுகிறது. பில் 15 லட்சமாக இறங்குகிறது. மிச்சமான 5 லட்சத்தில் 4 லட்சம் நிறுவனத்துக்கு, 1 லட்சம் அலுவலகத்துக்கு, ஐந்து வருடம். அதற்குள் நிறுவனம் 20 லட்சம் பெற்று, முதலையும் வட்டியையும் லாபத்தையும் எடுத்துவிடும். ஆறாம் வருடத்திலிருந்து முழு மிச்சமும் அலுவலகத்துக்கு. அரசு புதிதாக ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை, ஏற்கெனவே மின்கட்டணத்துக்கு வைத்திருந்த தொகைக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிட்டது.

இந்தியாவில் இதைப் பெரிய அளவில் செய்தது மத்திய அரசின் எஸ்கோ நிறுவனமான ஈஇஎஸ்எல். 2009-இல் என்டிபிசி உள்ளிட்ட நாலு பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கியது. மொத்தமாக வாங்குவதுதான் அதன் பலம்: 2014 தொடக்கத்தில் 310 ரூபாய்க்கு வாங்கிய எல்இடி பல்பின் விலை 2016-இல் 38 ரூபாய் வரை இறங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட தெருவிளக்குகளை அது எல்இடியாக மாற்றியது. அரசுக் கட்டடங்களிலும் இதே ஏற்பாட்டில் வேலை செய்திருக்கிறது.

இது கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருக்கும். நடைமுறையில் தகராறு வரும் இடம் ஒன்று உண்டு. மிச்சம் என்பது நடக்காமல் போன செலவு, அதை எந்த மீட்டரும் காட்டாது. பழைய நிலை நீடித்திருந்தால் எவ்வளவு ஓடியிருக்கும் என்று ஓர் அடிப்படை அளவை முதலில் எழுதி, இப்போது ஓடுவதை அதிலிருந்து கழிக்க வேண்டும். நடுவில் இன்னொரு தளம் கட்டினார்கள், முப்பது கம்ப்யூட்டர் புதிதாக வந்தது, அந்தக் கோடை வழக்கத்தைவிடக் கொளுத்தியது என்றால் அடிப்படை அளவைத் திருத்த வேண்டும். எப்படித் திருத்துவது என்பதை ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதாவிட்டால், இரண்டாம் வருடம் "பில் குறையவே இல்லையே, எதற்குப் பணம்?" என்று அலுவலகம் கேட்கும், "நாங்கள் மாற்றாவிட்டால் இன்னும் ஏறியிருக்கும்" என்று நிறுவனம் சொல்லும். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

இன்னொரு சிக்கல், தவணை ஒழுங்காக வருமா என்பது. தெருவிளக்கு விஷயத்தில் பல உள்ளாட்சிகள் இழுத்தடித்ததில் ஈஇஎஸ்எல்லுக்கே பெரிய நிலுவை சேர்ந்தது. அரசு நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால் தனியார் நிறுவனம் அரசு அலுவலகத்தில் முதல் போட யோசிப்பதில் ஆச்சரியம் இல்லை. மிச்சமான தொகையிலிருந்து தவணையை நேரே பிடித்துக் கொடுக்கும் தனிக் கணக்கு ஒன்று வைத்தால் இந்தப் பயம் கணிசமாகக் குறையும்.

அமெரிக்க மத்திய அரசு 1992 சட்டத்திலிருந்து இத்தகைய ஒப்பந்தங்களை 25 வருடம் வரை போடுகிறது. ஜெர்மனியின் பெர்லின் நகரம் 1996 முதல் பல கட்டடங்களை ஒரே தொகுப்பாகச் சேர்த்து இந்த வேலையை ஏலம் விடுகிறது. லாபம் தரும் பெரிய கட்டடத்தோடு யாரும் சீந்தாத சின்னப் பள்ளியும் சேர்ந்து போகும். எனக்கு இவற்றைவிடப் பிடித்தது அதே ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம் 1995-இல் செய்தது. வெளி நிறுவனமே வேண்டாம் என்று, நகரின் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் ஒரு சுழல்நிதி வைத்தார்கள். பள்ளியோ நீச்சல்குளமோ அந்த நிதியில் பணம் வாங்கிக் கருவியை மாற்றும், மிச்சமாகும் கட்டணத்தைக் கடன் தீரும்வரை நிதிக்கே திருப்பிக் கட்டும். அந்தப் பணம் அடுத்த கட்டடத்துக்குப் போகும். லாபம் யாருக்கும் போகாது, மார்ச் 31 மாதிரி ஒரு தேதியில் பணம் காணாமலும் போகாது. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சுழல்நிதியில் நடத்திப் பழகிய நம் ஊருக்கு இது புரியாத விஷயமே இல்லை.

இன்னொரு ஜெர்மன் நகரமான ஹாம்பர்க் 1994-இல் பள்ளிகளோடு இன்னும் எளிமையான பேரம் பேசியது: நீங்கள் மிச்சம் பிடிப்பதில் பாதி உங்கள் பள்ளிக்கு. கருவி எதையும் மாற்றத் தேவையில்லை, ஹீட்டரைத் திருகி, விளக்கை அணைத்தாலே காசு. சுவிட்சுக்குப் பக்கத்தில் இருப்பவரையும் பில்லையும் இதைவிட நேராக இணைக்க முடியாது.

சோலார் எப்போது?

மொட்டைமாடியில் சோலார் போட்டால் திறப்பு விழா வைக்கலாம், படம் எடுக்கலாம். ஒப்பந்தத் தேவையைக் குறைத்ததற்கு யாரும் ரிப்பன் வெட்ட மாட்டார்கள். அதனாலேயே வரிசை தலைகீழாகிவிடுகிறது. முதலில் செலவைக் குறைத்துவிட்டால் சின்ன சோலாரே போதும். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் சோலார் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும், நிழல் விழாத நூறு சதுர அடி இடம் கேட்கும். அலுவலக நேரமும் வெயில் நேரமும் ஒன்றாக வருவதால் அரசு அலுவலகத்துக்கு இது பொருத்தமானதுதான். ஆனால் பேனலைக் கழுவ யாரும் பொறுப்பில்லை என்றால் தூசி படிந்து வருடா வருடம் விளைச்சல் குறையும்.

டெல்லியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இந்திரா பர்யாவரண் பவன் 2014-இல் திறக்கப்பட்டது. தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்யும் அளவுக்குத் திட்டமிட்ட கட்டடம். கூரையில் 930 கிலோவாட் சோலார். அதற்கு முன்பே, வெளிச்சம் உள்ளே வரும்படி நடுவில் முற்றம் விட்டு, காற்றோட்டம் பார்த்து, குளிர்ந்த நீரை ஓடவிட்டு அறையைக் குளிர்விக்கும் முறையை வைத்துத் தேவையைக் குறைத்துவிட்டார்கள். வழக்கமான கட்டடமாகக் கட்டியிருந்தால் அந்தக் கூரை போதியிருக்காது.

எங்கே ஆரம்பிப்பது?

உங்கள் அலுவலகத்தில் இதையெல்லாம் யாராவது கேட்டால், மின் தணிக்கையாளரைக் கூப்பிடுவதற்கு முன்னால் மீட்டரைப் பாருங்கள். மாலை 6 மணிக்குப் பூட்டும்போது ஒரு ரீடிங், மறுநாள் காலை 9 மணிக்குத் திறக்கும்போது ஒரு ரீடிங். பெரிய இணைப்பாக இருந்தால் வித்தியாசத்தை மீட்டருக்கு உரிய பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும், அது பில்லிலேயே இருக்கும். 45 யூனிட் வந்தால், 15 மணி நேரத்தால் வகுத்தால் 3 கிலோவாட்: யாருமே இல்லாத கட்டடத்தில் இரவு முழுக்க ஓடிக்கொண்டிருப்பது. வருடத்துக்கு 16,000 யூனிட்டுக்கு மேல், யூனிட் 8 ரூபாய் என்றால் சுமார் 1,30,000 ரூபாய். வாசல் விளக்கும் சர்வரும் போக மீதி எது என்று ஒரு நாள் இரவு வாட்ச்மேனோடு சுற்றினால் தெரிந்துவிடும். வாட்டர் கூலர், அணைக்காத ஏசி ஸ்டெபிலைசர், தானாக நிற்காத டேங்க் மோட்டார் என்று பட்டியல் அங்கிருந்து தொடங்கும்.